டாக்டருக்கும் டோக்டருக்கும் நடுவில்

எனக்கு எட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது நான் இரண்டரை மாதம் ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்தேன். வகுப்பு காலை ஐந்தரை மணிக்கு. மாணவி ஒருத்திதான். அவள் என் அம்மா.

இந்த வேலைக்கு என்னிடம் இருந்த தகுதி, பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்ததும், தினமும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வேனில் ஏறியதும்தான். அம்மா கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், களியக்காவிளையைத் தாண்டி ஒரு ஊரில், தமிழ் மீடியத்தில் படித்தவள். நர்சிங் முடித்துக் கல்யாணமாகி, இந்தப் பக்கம் கொல்லயிலில் தமிழ் பேசுகிற அப்பா வீட்டுக்கு வந்து, நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அவள் ஊசி போட்டால் வலிக்காது என்று ஒரு பெயர் உண்டு. அந்தக் கைக்காகவே முறை மாற்றிக்கொண்டு வருகிற நோயாளிகள் இருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதுவாள், வாசிப்பாள், டாக்டர் கிறுக்கியதைக்கூடப் படித்துவிடுவாள். பேசச் சொன்னால் மட்டும் உள்ளங்கை வேர்த்துவிடும்.

அவள் தயாராகிக்கொண்டிருந்தது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் நர்சுகள் எழுதுகிற ஆங்கிலப் பரீட்சைக்கு. எனக்குத் தெரிந்தது 'பரீட்சை' என்ற பாதி மட்டும். 'வெளிநாடு' என்ற மீதிப் பாதியை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வைக்கிற ஏதோ ஒரு பரீட்சை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏற்கெனவே அவள் இரண்டு முறை அதை எழுதியிருந்தாள். மற்ற பாகங்களில் எல்லாம் நல்ல மார்க். பேச்சில் மட்டும் இரண்டு தடவையும் கவிழ்ந்தாள். முதல் தடவை ஜெப விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, அது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்கப்பட்டு, சபை முழுவதும் அவளுக்காக ஜெபித்தது. தோற்றதும் அதே சபை வரிசையில் வந்து ஆறுதல் சொன்னது. தோற்றது ஒரு தடவை, ஆறுதல் கேட்டது நாற்பது தடவை. அது போதும் போதும் என்றாகி, இரண்டாவது தடவை மாமியிடம் மட்டும் சொன்னாள். மாமி, அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி அவள் வீட்டுச் சுவர். சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். மாமியிடம் மட்டும் சொல்வது என்பது, மைக்கில் சொல்வதைவிடக் கொஞ்சம் வேகமான வழி.

ஆகவே மூன்றாவது தடவை, "இனி நான் எழுதப்போறதில்ல" என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அம்மா ரகசியமாக எழுத முடிவு செய்தாள். அப்பாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியவேண்டி வந்தது. உச்சரிப்பைக் கேட்டுச் சரி தப்பு சொல்ல ஒரு ஆள் வேண்டுமல்லவா? என்னைக் கட்டிலில் உட்காரவைத்து அம்மா சொன்னாள்:

"ஆரிட்டயும் சொல்லப்பிடாது மக்கா. மாமிக்கிட்ட சொல்லவே கூடாது. இது நமக்குள்ள உள்ளதாக்கும்."

மாமியிடமிருந்து மறைக்க ஒரு விஷயம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வகுப்பு பின்பக்க அறையில் நடந்தது. கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பவுடர் டப்பாவில் ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்து வைப்போம். அப்போதுதான் வீட்டுக்கு முதல் டச் போன் வந்திருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் ஆங்கில உயிரெழுத்துச் சத்தங்களை எல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். யாரோ ஒரு வெள்ளைக்காரி ஒவ்வொரு சத்தமாகச் சொல்வாள், அம்மா திருப்பிச் சொல்வாள். 'ஆ'வுக்கு இரண்டு விரலை நிறுத்திப் பல்லிடுக்கில் வைத்து அளவு பார்க்க வேண்டும். 'ஈ'க்குப் போட்டோவுக்குச் சிரிப்பதுபோல் உதட்டை இழுக்க வேண்டும். 'ஊ'வுக்குச் சூடான சாயாவை ஊதுவதுபோல் குவிக்க வேண்டும். முதலில் சத்தம், பிறகு வார்த்தை. மருந்துக் கம்பெனி கொடுத்த பழைய டைரியில் நான் சிவப்புப் பென்சிலால் சரி போடுவேன், அல்லது பெருக்கல் குறி போடுவேன். பெரும்பாலும் சரிதான் போட்டேன். அம்மாவுக்குச் சரி போடுவதில் ஒரு தனி சுகம் இருந்தது.

சண்டை வந்தது 'டாக்டர்' என்ற வார்த்தையில். அம்மா தமிழ்ப் பக்கத்துக்காரி. டாக்டர், காலேஜ், ஆபீஸ், ஹாஸ்பிட்டல் என்பாள். என் பள்ளிக்கூடத்து மிஸ்ஸுகள் மலையாளப் பக்கம். டோக்டர், கோளேஜ், ஓஃபீஸ், ஹோஸ்பிட்டல் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். டை கட்டியவள் சொல்வதுதான் சரி என்று நான் சாதித்தேன். போனில் இருந்த வெள்ளைக்காரியோ இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா கதவைத் திறந்து சாயா கொண்டுவந்து வைத்தவர், சற்று நேரம் கேட்டுவிட்டு, "பேசாம வைத்தியருன்னு சொல்லிருங்க" என்று தீர்ப்பு வழங்கிவிட்டுப் போனார்.

அப்பா வயரிங் வேலை செய்பவர். அந்த மாதங்களில் அவருக்கும் ஒரு படிப்பு நடந்துகொண்டிருந்தது. அதுவரை எனக்குத் தலைசீவி விட்டது அம்மாதான். திடீரென்று ஒருநாள் அப்பா சீப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தார். மூன்று வயரை முறுக்குவதுபோல முடியை முறுக்குவார். ஒரு சடை வெள்ளறடை மலையைப் பார்த்தும் இன்னொன்று பொழியூர்க் கடலைப் பார்த்தும் நிற்கும். வேனில் பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா பின்னிவிடட்டும் என்று அழுதேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். "அப்பா படிக்கட்டும் மக்கா" என்று சொன்னாளே தவிர, சீப்பைத் தொடவில்லை. எனக்கு இருவர் மேலும் கோபமாக வந்தது.

இப்படி ஒரு மாதம் போயிற்று. சனிக்கிழமை ஒன்றில், அம்மா காலை டியூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு நிற்கிற நேரத்தில், வாசலில் ஆள் அரவம் கேட்டது. முன்னால் அச்சன். எங்கள் சபைப் போதகரை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அவருக்குப் பின்னால் சபைக் கமிட்டிக்காரர் ஒருவர், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பின்னால், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாமி.

"சும்மா ஒரு வீட்டு ஜெபம்" என்றார் அச்சன். சும்மா ஒரு வீட்டு ஜெபத்துக்கு யாரும் முன்னறிவிப்பு இல்லாமல் சனிக்கிழமை நாலு மணிக்கு வருவதில்லை. பாட்டு பாடினோம். சங்கீதம் வாசித்தோம். வழிதவறிப் போகிற ஆடுகளைப் பற்றி அச்சன் வெகுநேரம் ஜெபித்தார். அம்மா சாயாவும் பழம்பொரியும் கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. மாமி கூரையைப் பார்த்தாள், கமிட்டிக்காரர் தரையைப் பார்த்தார்.

அச்சன் தொண்டையைச் செருமினார். "மோளே, எங்கே ஆராதிச்சாலும் கர்த்தர் ஒருத்தர்தன்னே. பட்சே, மனசில எந்தெங்கிலும் சங்கடம் உண்டெங்கில் எங்களோடு பறயலாம். சபைய விட்டுப் போகணும்னு இல்ல."

அம்மா விழித்தாள். அப்பாவும் விழித்தார். அதற்குமேல் மாமியால் பொறுக்க முடியவில்லை.

"எட்டி பிள்ளே, நான் மனசில வச்சிட்டு இருக்க மாட்டேன், கேட்டியா? காலத்த அஞ்சரைக்கு அந்தப் பின்பக்க முறிக்குள்ள என்ன சத்தமாக்கும்? ஆன்னும் ஓன்னும் ஈன்னும் ஒரு மாசமா கேக்கேன். நீ அந்நிய பாஷ பேசுதியா?"

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். ஜெபத்தில் ஆவி நிறைந்து, பேசுகிறவருக்கே விளங்காத மொழியில் பேசுவதைத்தான் அந்நிய பாஷை என்பார்கள். எங்களுடையது பழைய மிஷன் சபை. பாட்டுப் புத்தகத்தில் இருப்பதை இருந்தபடியே பாடி, எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பி, உட்கார வேண்டிய இடத்தில் உட்காருகிற சபை. அந்த வருடம் மெயின் ரோட்டில் ஒரு கடை மாடியில், கைதட்டிப் பாடுகிற ஜெபக்கூட்டம் ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தது. நல்ல மனிதர்கள்தாம். ஆனால் எங்கள் சபையின் இரண்டு குடும்பங்கள் அங்கே போய்விட்டன. மூன்றாவது யார் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஐந்து மணிக்கே எழுந்து ஜெபிக்கிற மாமியின் காதில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் உயிரெழுத்துக்கள் ஒவ்வொன்றாக விழுந்திருக்கின்றன.

"பிள்ளையையும் சேத்தாக்கும் ஜெபம்" என்றாள் மாமி, அச்சனைப் பார்த்து. "பிள்ள 'இன்னும், இன்னும்'னு சொல்லுது. இவ சத்தத்தக் கூட்டுதா. எனக்க காதால கேட்டேன். ரெண்டு தடவ பரீட்சையில தோத்ததுல இவளுக்கு மனசு உடஞ்சு போச்சு. நம்மள்ல ஒருத்தருக்கும் கண்ணு இல்லாமப் போச்சு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாமியின் பிரியம் எப்போதும் இப்படி ஆள் திரட்டிக்கொண்டுதான் வரும்.

அம்மாவின் முகத்தில் முதலில் சிரிப்புத்தான் வந்தது. உதடு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால் மூன்றாவது தடவை எழுதப்போவதைச் சொல்ல வேண்டும். சொன்னால் மறுநாள் ஆராதனையில் அது வாசிக்கப்படும். ஆஸ்பத்திரியில் மேட்ரனும் எங்கள் சபைதான். பிறகு மறுபடியும் அந்த நாற்பது ஆறுதல்கள். அம்மா வாயைத் திறந்து, மூடி, தலையைக் குனிந்துகொண்டாள். தோற்றவள் என்று பெயர் எடுப்பதைவிட அந்நிய பாஷைக்காரி என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை என்று அவள் தீர்மானித்தது எனக்கு அப்போது விளங்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து அம்மாவைத் திட்டுகிறார்கள், அவளோ பேசாமல் நிற்கிறாள் என்பதுதான் விளங்கியது. அச்சன் அந்த மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு, மறுபடியும் ஜெபிக்கக் கண்ணை மூடினார்.

நான் எழுந்து நின்றேன். "அது அந்நிய பாஷ இல்ல. அது இங்கிலீஷு. நான்தான் அம்மைக்குப் படிப்பிச்சுக் குடுக்கேன்."

ஓடிப்போய்க் கண்ணாடியையும் டைரியையும் சிவப்புப் பென்சிலையும் கொண்டுவந்தேன். யாரும் நம்புகிற முகத்தோடு இல்லை. ஆகவே வகுப்பையே நடத்திக் காட்டினேன். "அச்சா, வாயைத் தெறக்கணும். ரெண்டு வெரல வையுங்க. ஆ சொல்லுங்க."

அச்சன் நல்லவர். அங்கியோடு உட்கார்ந்தபடி இரண்டு விரலைப் பல்லிடுக்கில் வைத்து ஆ என்றார். "கொறச்சுகூட" என்றேன். இன்னும் திறந்தார். கமிட்டிக்காரருக்குச் சாயா ஊதும் 'ஊ'வைக் கொடுத்தேன். அவர் உண்மையான சாயாவையே எடுத்து ஊதினார். மாமியிடம் கண்ணாடியை நீட்டி ஈ சொல்லச் சொன்னேன். அழுத கண்ணோடு அவள் பல்லைக் காட்டி ஈ என்றதும் அப்பா திரும்பி நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. பிறகு 'டாக்டர்' வந்தது. அச்சன் டோக்டர் என்றார். மாமி, "அது டாக்டரு. நாங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவோம்" என்றாள். கமிட்டிக்காரர் அச்சன் கட்சியில் சேர்ந்தார். வழிதவறின ஆட்டை மறந்துவிட்டு மூவரும் டாக்டருக்கும் டோக்டருக்குமாக மல்லுக்கு நின்றார்கள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. என்னால்தான் அந்தச் சிரிப்பு என்று எனக்குத் தலைக்குமேல் பெருமை.

பழம்பொரித் தட்டு காலியானது. கமிட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனம் நிறைந்து சொன்னார்:

"அப்பம் மூணாமத்த தடவையும் எழுதப்போறா. நல்லது பிள்ளே. எனக்க மருமவளும் இந்தப் பரீட்சைதான் எழுதினா. ஆஸ்திரேலியாவுக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு. பேரப்பிள்ள போன் ஸ்கிரீனத் தொட்டு அம்மான்னு கூப்பிடும். அதுக்கு அதுதான் அம்மா." என் பக்கம் கையைக் காட்டினார். "நீ போனா இந்தப் பிள்ளைய ஆரு பாப்பா?"

அப்பா மெதுவாக, "நான் உண்டு" என்றார்.

நான் அப்பாவின் கையைப் பார்த்தேன். மூன்று வயரை முறுக்குகிற கை. என் இரண்டு சடைகளும் அன்றைக்கும் ஆளுக்கொரு திசையில்தான் நின்றுகொண்டிருந்தன. அவர் எதற்காக அதைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிப்போயிற்று. அம்மா என்னைப் பார்த்தாள். நான் டைரியை மூடி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அம்மா கூப்பிடும் முன்பே நான் போய் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என் தலையைத் தடவினாள். போனை அமுக்கினாள். வெள்ளைக்காரி சொன்னாள், அம்மா திருப்பிச் சொன்னாள். அது அச்சாக அப்படியே இருந்தது. நான் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"சரியாகலியா மக்கா?"

"இல்ல."

மறுபடி சொன்னாள். மறுபடி பெருக்கல் குறி. எங்கே தப்பு என்று கேட்டாள். வாய் போதாது என்றேன். வாயை இன்னும் திறந்தாள். இப்போது அதிகமாகத் திறந்துவிட்டாய் என்றேன். சத்தம் மூக்கு வழியாக வருகிறது என்றேன். வெள்ளைக்காரி சொல்லும்போது கழுத்து அசையாது, உனக்கு அசைகிறது என்றேன். வெள்ளைக்காரியின் கழுத்தை நான் எங்கே கண்டேன்? அம்மா அதையும் கேட்டுக்கொண்டு, கழுத்தை அசைக்காமல் சொன்னாள்.

என் திட்டம் சுலபமானது. நான் சரி போட்டால் அம்மா பாஸாகிவிடுவாள், பாஸானால் போய்விடுவாள். தப்புப் போட்டால் போக மாட்டாள். ஒன்றரை மாதம் நான் ஒரு சரிகூடப் போடவில்லை. டைரியின் பக்கங்கள் பெருக்கல் குறிகளால் நிறைந்தன. அரை மணி நேர வகுப்பு ஒரு மணி நேரம் ஆனது. கஞ்சி அடிப்பிடித்தது. ஒருநாள் எனக்கு வேன் போய்விட்டது. ரகசியம் உடைந்துவிட்டதால் மாமி இப்போது வெளிப்படையாகக் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். "நல்லாத்தானே சொல்லுதா? இந்தப் பிள்ள என்ன இப்பிடிக் கடுப்பமாட்டு இருக்கு?" என்பாள். நான் முறைப்பேன். அம்மா, "மிஸ் சொன்னா சரிதான் மைனி" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை தொடங்குவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விண்ணப்பம் வாசிக்கப்பட்டது. சபை முழுவதும் கண்ணை மூடி, எங்கள் சகோதரி பரீட்சையில் ஜெயம் பெற வேண்டும் என்று ஜெபித்தது. நான் ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வேண்டாம் கர்த்தாவே, வேண்டாம் கர்த்தாவே என்றேன். அத்தனை பெரியவர்கள் ஒருபுறம் கேட்கும்போது ஒரு பிள்ளை கேட்பது எடுபடுமா என்று பயமாகத்தான் இருந்தது. சண்டே ஸ்கூலில், சிறு பிள்ளைகளின் ஜெபத்தைக் கர்த்தர் முதலில் கேட்பார் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பியிருந்தேன்.

பரீட்சைக்கு அம்மாவும் அப்பாவும் ரயிலில் கொச்சிக்குப் போனார்கள். மூன்று வாரம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது, அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். அம்மா அடுக்களைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பேச்சில்தான் எல்லாவற்றையும்விட நல்ல மார்க் வந்திருந்தது. நான் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் நின்று ஓவென்று அழுதேன். பிள்ளைக்குச் சந்தோஷத்தைப் பார் என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். கர்த்தருக்கு நன்றி சொன்னாள், சபைக்கு நன்றி சொன்னாள். பிறகு, "என்னப் பாஸாக்கினது எனக்க மகளாக்கும். ஒரு சின்னத் தப்பக்கூட அவ விட்டுத்தரல" என்றாள். அச்சன் என்னை முன்னால் கூப்பிட்டுத் தலையில் கைவைத்து ஜெபித்து, ஒரு பேனா கொடுத்தார். எங்கள் சபையில் கைதட்டும் வழக்கம் இல்லை, ஆகவே எல்லோரும் மகிழ்ச்சியாகத் தலையை ஆட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் எரிந்தது. நான் தப்புப் போடப் போடத்தான் அம்மா கூடுதலாகப் படித்தாள், கூடுதலாகப் படித்ததால்தான் பாஸானாள். சும்மா சரி போட்டுக்கொண்டிருந்தால் பழையபடி தோற்றிருப்பாள். அம்மாவை நானே என் கையால் அனுப்பிவைத்துவிட்டேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு நான் கண்டுபிடித்தது அதுதான்.

நான்கு மாதத்தில் அம்மா ஆஸ்திரேலியா போனாள். அவள் போன மறுநாள் ஐந்தரைக்குப் பழக்கத்தில் விழித்துப் பின்பக்க அறைக்குப் போனேன். சற்று நேரத்தில் அப்பா வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு விரலைப் பல்லிடுக்கில் வைத்து ஆ என்றார். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியும் தன் பங்குக்கு ஒரு ஆ போட்டாள். நான் சிரிக்கத்தான் தொடங்கினேன், அது பாதியில் அழுகையாக மாறிவிட்டது.

எங்களைக் கூட்டிப்போகும் பேச்சு வருடா வருடம் எழும்பி வருடா வருடம் அடங்கியது. நாலரை வருடம் அங்கே இருந்துவிட்டு அம்மா திரும்பி வந்தாள். அதற்குள் அப்பா நேராகச் சடை பின்னப் படித்திருந்தார், நான் முடியைக் கத்தரித்திருந்தேன். அம்மா மறுபடி நெய்யாற்றின்கரைக்கே வேலைக்குப் போனாள். நாங்கள் எதையும் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பெருக்கல் குறிகளை மட்டும் நான் யாருக்கும் சொல்லாமல் சுமந்துகொண்டிருந்தேன்.

எனக்கு இப்போது வேலை திருவனந்தபுரத்தில். போன மாதம் ஒரு விடுமுறை நாளில், பொழியூரிலிருந்து வந்த நெத்திலியை அம்மா முற்றத்தில் உட்கார்ந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து கிள்ளினேன். ஏனோ அன்றைக்குச் சொல்ல வந்தது.

"அம்மா, அந்தக் கடைசி ஒண்ணர மாசம் நான் போட்டது ஒண்ணும் தப்பு இல்ல. நீ சரியாத்தான் சொன்ன. நான் வேணும்னாக்கும் தப்புப் போட்டேன்."

அம்மா நிமிரவில்லை. "தெரியும் மக்கா" என்றாள்.

"எப்பம் தெரியும்?"

"மொதல் நாளே. தப்புப் போட்டுட்டு எனக்க முகத்தப் பாக்காம பென்சிலையே பாத்துட்டு இருந்த."

"பின்ன எதுக்கு ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா நீ சரி போட்டிருப்ப. சரி போட்டா அடுத்ததுக்குப் போணும். அடுத்ததும் சரின்னா பாடம் தீந்துரும். நான் எழும்பணும்." கிள்ளின மீனைச் சட்டியில் போட்டாள். "நீ தப்புப் போட்டா இன்னொரு தடவ சொல்லிட்டு உனக்க கூட இருக்கலாம்லா."

"நீ தோத்துப் போணும்னு நான் ஜெபிச்சேன்" என்றேன்.

"நானும்தான்" என்றாள் அம்மா. "கொச்சி போய்ச் சேருற வரைக்கும் ரயில்ல அதுதான் ஜெபிச்சேன். அப்பாட்ட சொல்லிராத."

"பின்ன எப்பிடி அவ்வளவு நல்லாப் பேசின?"

"அங்க ஒருத்தி நோயாளி மாதிரி நடிக்க இருந்தா. நம்ம பேசணும், அவ பதில் சொல்லுவா, அதுதான் பரீட்ச. அவ எனக்க முகத்தப் பாத்து வலிக்குதுன்னு சொன்னா. ஒருத்தி வலிக்குதுன்னு சொன்ன பொறவு, தெரிஞ்சத எப்பிடி மக்கா தெரியாத மாதிரி பேசுகது?"

அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு மீன் அலசப் போனாள். நான் கையைக் கழுவாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு வயதில் எனக்கு எத்தனையோ விஷயங்களில் சந்தேகம் இருந்தது. ஆனால், கதவைச் சாத்திய அந்தச் சின்ன அறைக்குள் அம்மா போகக் கூடாது என்று ஆசைப்பட்டது நான் ஒருத்திதான் என்பதில் மட்டும் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.